வீமனின் இடது காது

நாயின் காதைக் கழுவுவது எப்படி என்று நான் இதில் எழுதப்போவதில்லை. அதை டொக்டர் கிளினிக்கில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூன்று பேருக்கும் ஒரு மத்தியானத்திலேயே காட்டித் தந்துவிடுவார். மடலை எப்படிப் பிடிப்பது, மருந்து நீரை உள்ளங்கைச் சூட்டில் எவ்வளவு நேரம் வைத்திருப்பது, காதின் அடியைத் தடவும்போது உள்ளே என்ன சத்தம் கேட்க வேண்டும், நாய் தலையை உதறும்போது எந்தப் பக்கம் நிற்கக் கூடாது, எல்லாம் இரண்டாம் நாளே கைக்கு வந்துவிடும். பட்ஸ் குச்சியை உள்ளே விடாதீர்கள் என்று வீட்டுக்காரருக்குச் சொல்லச் சொல்ல அவர்கள் விடுவார்கள். அதுவும் பழகிவிடும்.

நான் இந்த மாதத்தோடு வேலையிலிருந்து நிற்கிறேன். கையில் ஒரு நடுக்கம் வந்துவிட்டது, போத்தல் பிடிக்கிற கைக்கு அது கூடாது. பன்னிரண்டு வருடம் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி வந்து, வெள்ளவத்தையின் கடற்பக்க ஒழுங்கைகளில் வீடு வீடாகப் போய் நாய்க்காது பார்த்தவள் நான். போகிற நேரத்தில் ஒரு பிழையை மட்டும் உங்களிடம் விட்டுப்போக வேண்டும் போலிருக்கிறது. நான் செய்த பிழை.

அந்த மத்தியானங்களை முதலில் சொல்ல வேண்டும். மூன்று மணிக்கு ஒழுங்கையின் முடிவில் கடல் ரயில் பாதையைவிட உயரமாக எழுந்து நிற்பதுபோலத் தெரியும், வெளுத்துப்போய், சத்தமில்லாமல். மாடி வீடுகளின் திரைச்சீலைகள் உள்ளே வரும், வெளியே போகும். தொங்கு காது நாய்க்கு அந்த உப்பு ஈரம் ஆகாது. மாதத்துக்கு ஒரு தரமாவது துடைத்து உலர்த்த வேண்டும். நாயின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து காதின் அடியை மெல்லத் தடவத் தொடங்கினால், கொஞ்ச நேரத்தில் அது கண்ணைப் பாதி மூடும். பிறகு தன் தலையின் முழுப் பாரத்தையும் உங்கள் கையில் வைத்துவிடும். அந்த நேரத்தில் எனக்கு இது எந்த வருடம் என்பது மறந்துபோகும். நூறு யார் தள்ளிக் காலி வீதிச் சோதனைச் சாவடியில் பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் வந்தேன் என்பதும் மறந்துபோகும். தண்டவாளத்தில் ஒரு கோச்சி கடந்து போகும். ஜன்னல் கண்ணாடி நடுங்கும். நாயும் நானும் ஒரே கனவுக்குள் இருப்பதுபோல அப்படியே இருப்போம்.

ஒரு பழக்கம் வைத்திருந்தேன். போத்தலை வெளியே எடுக்கும் முன் இரண்டு கைகளையும் விரித்து நாயின் மூக்குக்கு முன்னால் காட்டுவேன். ஒன்றுமில்லை என்று அது முகர்ந்து பார்த்து முடிக்கும்வரை காத்திருப்பேன். டொக்டர் சொல்லித் தந்ததல்ல அது. அதனால்தான் என் கையை எந்த நாயும் கடிக்கவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

மனிதர்களிடம் எனக்கு வேறொரு பழக்கம் இருந்தது. கேட்க மாட்டேன்.

இது உங்களுக்கு விளங்கும். நீங்களும் இதே ஊரில்தான் வளர்ந்தீர்கள். வீட்டில் எத்தனை பேர், எங்கேயிருந்து வந்தது, எப்போது வந்தது, ஏன் வந்தது? இந்தக் கேள்விகளெல்லாம் பொலிஸ் பதிவுப் படிவத்தில் இருப்பவை. படிவத்தோடு வருகிறவர்கள் கேட்பவை. ஆகவே ஒரு வீட்டுக்குப் போனால் அவற்றைக் கேட்காமலிருப்பதே எங்களுக்குள் மரியாதை. புதிதாக ஓர் இளைஞன் சோபாவில் இருந்தால் அவனைப் பார்த்துச் சிரிப்போம், யாரென்று கேட்க மாட்டோம். அடுத்த முறை அவன் இல்லாவிட்டாலும் கேட்க மாட்டோம்.

கிளினிக் அட்டையில் ஒரு வரி இருக்கிறது, இப்போதும் இருக்கிறது: ‘இதற்கு முன் என்ன நடந்தது?’ நான் அந்த வரியில் எப்போதும் ஒரு கோடு இழுத்துவிடுவேன். டொக்டர் கோபிப்பார். அவர் சிங்களவர். எங்கள் தமிழைத் தன் பாட்டில் உடைத்துப் பேசுவார்.

“மிஸ், நாய்க்கு வாய் இல்லை. வீட்டு ஆள்கிட்ட கேக்கணும். கேக்காம எப்பிடி ஊத்துறது?”

“கேட்டனான் டொக்டர். ஒண்டும் இல்லையாம்.”

கேட்டிருக்க மாட்டேன்.

ஒரு வீட்டில் கேட்காமலே எல்லாம் தெரிந்துவிட்டது. அந்த அன்ரி தன் ஸ்பானியலின் காதுக்குள் நல்லெண்ணெயில் உள்ளிப்பூண்டு போட்டுக் காய்ச்சி ஊற்றியிருந்தார். “பிள்ளையளுக்கு ஊத்தலாம், நாய்க்கு ஊத்தக் கூடாதோ? இதென்ன நியாயம்?” என்றார். “அன்ரி, இவனைப் பக்கத்தில வச்சுக்கொண்டு சோறு மட்டும் சாப்பிட்டாலே போதும், ரசம் தேவையில்லை” என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் நாயும் வாலாட்டியது. இப்படியான வீடுகளே அதிகம் என்பதால் என் பழக்கம் எனக்குப் பிழையாகத் தெரியவில்லை.

அந்தப் பிழை நடந்த வருடம் காலி வீதியில் ஒரு குண்டு வெடித்தது. என் மகள் பவிக்கு அப்போது ஒன்பது வயது. அவளுடைய பள்ளிக்கூட வான் அந்த நேரம் அந்தப் பக்கமாக வந்துகொண்டிருந்தது. சாரதி பிள்ளைகளை இறக்கி ஓடச் சொல்லியிருக்கிறார். அவள் கிளினிக் வாசலில் வந்து நின்றபோது உடுப்பில் ஒரு கசங்கல்கூட இல்லை. அழவும் இல்லை.

அடுத்த நாட்களில் அந்த இடத்தில் நின்றவர்களைத் தேடி விசாரித்தார்கள். எங்கள் வீட்டுக்குக் கீழ் மாடியில் இருந்த ஒரு பெடியன் “நான் பாத்தனான்” என்று கடையில் வாய்விட்டதற்கு நான்கு நாள் உள்ளே இருந்துவிட்டு வந்தான். வந்த பிறகு அவன் யாரோடும் கதைக்கவில்லை. கணவர் கட்டாரில். பவியைக் கட்டிலில் உட்காரவைத்தேன்.

“ஆர் கேட்டாலும் என்ன சொல்லுவாய்?”

“நான் பள்ளிக்கூடத்துக்குள்ளதான் இருந்தனான்.”

“திருப்பிச் சொல்லு.”

வாய்ப்பாடு மாதிரி வரும்வரை சொல்லவைத்தேன். பிறகு அந்த நாளைப் பற்றி எங்கள் வீட்டில் ஒரு சொல்கூடப் பேசவில்லை.

அதற்குப் பிறகுதான் அவள் கூப்பிட்டால் திரும்பாதவளானாள். வகுப்பில் கவனமில்லை என்று ஆசிரியை கொப்பியில் எழுதி அனுப்பினார். பஸ்ஸில் எப்போதும் என் வலப்பக்கத்தில்தான் இருப்பேன் என்று அடம்பிடித்தாள். “காது என்ன செவிடோ?” என்று நான் இரண்டு தரம் ஏசியிருக்கிறேன்.

குண்டு வெடித்து ஆறு வாரம் கழித்து மாஸ்டர் என்னை வரச் சொல்லி அனுப்பினார். மாஸ்டர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளவத்தையில் ஒரு மூன்றாம் மாடியில் தனியே இருந்து ரியூசன் கொடுத்தார். கண் இரண்டிலும் வெண்படலம். கரும்பலகையில் தான் எழுதியது தனக்கே தெரியாது. அவருக்கு ஒரு தொங்கு காது நாய். வீட்டுக்குள் அதன் பெயர் வீமன். றோட்டில் ரெக்ஸ். சாவடியைக் கடக்கும்போது வாயில் ‘வீமன்’ என்ற தமிழ்ப் பெயர் வராதிருக்க அப்படி ஓர் ஏற்பாடு. நாயும் இரண்டு பெயருக்கும் திரும்பும்.

பள்ளிக்கூடம் விட்டபின் பவியை விட இடமில்லாததால் அவளும் என்னோடு வந்தாள்.

“வாரும் பிள்ளை, வாரும். குஞ்சு, நீயும் வா. இவனுக்குக் கணக்குச் சொல்லிக் குடு. நாலு வருஷமா ஓ.எல். வகுப்பில இருக்கிறான், இன்னும் பாஸ் பண்ணேல்ல” என்றார் மாஸ்டர்.

பவி சிரித்தாள். வீமன் எழுந்து வந்தான். தலை கொஞ்சம் இடப்பக்கம் சரிந்திருந்தது. அதை நான் கண்டேன். கோச்சிச் சத்தம் கேட்கிறான் என்று நினைத்தேன்.

“இடது காதில ஒரு மணம், பிள்ளை. சொறிஞ்சுகொண்டே இருக்கிறான். கடல் ஈரம் போல.” பிறகு மாஸ்டரின் குரல் தாழ்ந்தது. “வடிவாச் செய்து விடும். எனக்கு இவன்ர காதுதான் கண். படியில வாறது செருப்போ பூட்ஸோ எண்டு இவன் சொல்லுவான். செருப்புக்கு வாலாட்டுவான். பூட்ஸுக்கு வந்து என்ர காலில படுப்பான். எனக்கு அடையாள அட்டையைத் தேடி எடுக்கிற நேரம் கிடைக்கும்.”

அந்தக் காதின் பெறுமதி எனக்குத் தெரியாமலில்லை. இருந்தும் அட்டையில் அந்த வரிக்கு வந்ததும் கோடு இழுத்தேன். கையை விரித்துக் காட்டினேன். வீமன் முகர்ந்தான். திரைச்சீலை உள்ளே வந்தது. மத்தியானம் மெல்ல என்மேல் இறங்கியது. காதுக்குள் கறுப்பாக, ஈரமாக இருந்தது, நூறு காதில் கண்டதுதான். போத்தலைக் கைக்குள் சூடாக்கி, காது நிறைய ஊற்றி, அடியைத் தடவினேன்.

இரண்டாவது தடவலில் வீமன் கத்தினான். எழும்ப முயன்றான். நான்கு கால்களும் ஒரே பக்கமாகச் சறுக்கின. அவனுடைய கண்மணிகள் பக்கவாட்டில் துடிக்கத் தொடங்கின. ஓடும் கோச்சியிலிருந்து வெளியே பார்ப்பவரின் கண்போல, விடாமல். பிறகு வாந்தி எடுத்தான்.

“வீமா! என்ன பிள்ளை? என்ன செய்யுது? ரெக்ஸ்!” மாஸ்டர் தரையில் கையால் துழாவினார்.

வீமன் எந்தப் பெயருக்கும் திரும்பவில்லை.

பிள்ளைகளே, இப்படியான நேரத்தில் உங்கள் கை ஏதாவது செய்யப் பார்க்கும். என் கை பையிலிருந்த மற்றப் போத்தலைத் தேடியது: சுத்தத் தண்ணீர் விட்டு அலசினால் எல்லாம் வெளியே வந்துவிடும் என்று. மூடியைத் திருகியும் விட்டேன். அப்போது அந்தச் சரிந்த தலை என் கண் முன் வந்தது. வாசலில் நான் கண்டது. ஊற்றும் முன்பே சரிந்திருந்த தலை.

மூடியைப் பூட்டிப் பையில் வைத்தேன். பாதிக்கப்பட்ட காது கீழே வரும்படி அவனைத் திருப்பி, உள்ளே இருந்தது தானாக வடியவிட்டேன். துவாயால் உடம்பைச் சுற்றி அசையாமல் பிடித்துக்கொண்டேன். பிறகு, இந்த வேலைக்கு வந்து முதல் தடவையாக, கேட்டேன்.

“மாஸ்டர், இவனுக்கு என்ன நடந்தது?”

“ஒண்டும் நடக்கேல்லையே.”

“இந்தத் தலை எப்ப தொடக்கம் சரிஞ்சிருக்கு?”

“அது… ஒரு மாதம் இருக்கும். வயசு போகுதெல்லே.”

“மாஸ்டர், நான் பொலிஸ் இல்லை.”

அவர் கதவு இருந்த திசைக்கு முகத்தைத் திருப்பினார். எழுந்து, சுவரைத் தொட்டுத் தொட்டுப் போய், ஜன்னலைச் சாத்தினார். திரைச்சீலை நின்றது.

“அண்டைக்கு நாங்கள் அங்க நிண்டனாங்கள், பிள்ளை. பாண் வாங்கப் போனது. வெடிச்சது இவன்ர பக்கம். இவன் எனக்கு மறைப்பா நிண்டிட்டான். காதால கொஞ்சம் ரத்தம் வந்தது. என்ர சாரத்தால துடைச்சுப்போட்டு, சாரத்தைத் தோச்சுப்போட்டன். ஆரிட்டச் சொல்ல? சொன்னா, ‘நீ ஏன் அங்க நிண்டனீ’ எண்டெல்லே கேப்பினம்.”

செவிப்பறை கிழிந்த காதுக்குள் நான் போத்தல் நிறைய ஊற்றியிருக்கிறேன். அது மட்டும் விளங்கியது. அப்போது பவியின் குரல் வந்தது. அவள் கொப்பியை மூடிவிட்டு வீமனின் தலைமாட்டில் வந்து குந்தியிருந்தாள்.

“ஐயா, இவனுக்கும் காதுக்குள்ள கோச்சி நிக்காமப் போகுதோ?”

மாஸ்டர் விளங்காமல், “என்ன குஞ்சு?” என்றார்.

எனக்கு விளங்கியது. ஒரு கையில் நாயின் நெஞ்சு துடித்துக்கொண்டிருந்தது. முதலில் கையில் இருப்பதை டொக்டரிடம் சேர்க்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது சரியா என்று இன்றும் தெரியாது.

வீமனைப் படுக்கை விரிப்பில் கிடத்தி இரண்டு முனையை மாஸ்டரும் இரண்டு முனையை நானும் பிடித்துப் படியிறங்கினோம். பவி முன்னே போய் “படி, ஐயா. இன்னொரு படி” என்று சொல்லிக்கொண்டே இறங்கினாள். காலி வீதிச் சாவடியில் சிப்பாய் மறித்தான்.

“மொகத நோனா ஏகே?” அதற்குள் என்ன என்கிறான்.

“பல்லெக், மஹத்தயா. கனே லெடக்.” நாய், காதில் வருத்தம் என்றேன்.

அவன் விரிப்பை விலக்கிப் பார்த்தான். வீமனின் துடிக்கும் கண்களைக் கண்டதும் முகம் மாறியது. இளம் பையன்தான், வீட்டில் நாய் வளர்த்தவனாக இருக்க வேண்டும். “ஐயோ! கனட்ட மொகத வுனே?”

காதுக்கு என்ன நடந்தது? நான் அரை மணித்தியாலத்துக்கு முன் கேட்ட அதே கேள்வி.

“வதுர கியா” என்றேன். தண்ணீர் உள்ளே போய்விட்டது. பொய்யில்லை. அவன் தலையைத் தடவிவிட்டு வழிவிட்டான்.

கிளினிக்கில் டொக்டர் கருவியால் உள்ளே பார்த்தார். நான் காத்திருக்கவில்லை. “டொக்டர், நான் கேக்காம ஊத்திப்போட்டன். செவிப்பறை முதலே கிழிஞ்சிருந்தது. அந்தக் குண்டு” என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். சாவடியில் பாதி சொன்னதும் இங்கே முழுவதும் சொன்னதும் ஒரே வாய்தான். எங்கே எவ்வளவு என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். அதற்கு என்னிடம் விதி இல்லை.

அவர் ஏசவில்லை. “இனி ஒண்ணும் ஊத்த வேணாம். மருந்து வாயால குடுப்போம். இருட்டு அறையில வைங்க. பாப்போம்.” அட்டையை எடுத்து, நான் இழுத்த கோட்டைப் பார்த்தார். மாஸ்டரையும் பார்த்தார். அந்தக் கோட்டுக்கு மேலே தன் கையால் ஒரு சொல் எழுதினார்: ‘சத்தம்’. இடம் எழுதவில்லை. நாள் எழுதவில்லை.

பிறகு நான் பவியை அவர் முன் நிறுத்தினேன். அவர் பின்வாங்கினார். “நான் நாய் டொக்டர், மிஸ்” என்றார். ஆனாலும் அவளுக்குப் பின்னால் போய், வலது காதின் பக்கம் விரல்களை மெல்ல உரசினார். அவள் அசையவில்லை. இடது பக்கம் உரசினார். திரும்பினாள். அவர் காது வைத்தியர் ஒருவருக்குத் தொலைபேசி எடுத்து அடுத்த நாளே பார்க்க ஒழுங்குசெய்தார்.

வீமன் மூன்று கிழமையில் நேராக நடந்தான். தலைச் சரிவு போகவில்லை, அந்தக் காதுக்குக் கேட்கும் சக்தியும் திரும்பவில்லை. படியில் சத்தம் வந்தால் ஒரு முழு வட்டம் சுற்றி, நல்ல காதைக் கதவுப் பக்கம் கொண்டுவந்த பிறகுதான் செருப்பா பூட்ஸா என்று முடிவுசெய்வான். “அடையாள அட்டையை இப்ப சட்டைப் பையிலயே வச்சிருக்கிறன் பிள்ளை. அவனுக்கு அவசரம் குடுக்கக் கூடாது” என்றார் மாஸ்டர். அவர் என்னைக் கடைசிவரை வேறு யாரிடமும் குறை சொல்லவில்லை. எனக்கு அது ஆறுதலாக இருந்ததில்லை.

போத்தலைத் திறக்கும் முன் கேளுங்கள். “ஒண்டும் இல்லை” என்றால் போத்தலைக் கீழே வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து, இன்னொரு தரம் கேளுங்கள். இவ்வளவுதான் நான் சொல்ல வந்தது.

ஆனால் அன்றைய நாள் கிளினிக்கோடு முடியவில்லை. கொட்டாஞ்சேனை பஸ்ஸில் இடம் கிடைத்தது. பவி வழக்கம்போல என் வலப்பக்கத்தில் இருந்தாள். அவளுடைய இடது காது என் பக்கம். அவள் ஏன் அங்கேயே இருந்தாள் என்று ஆறு வாரம் எனக்குத் தெரியாமல் போயிற்று. கடல் இடையிடையே ஒழுங்கைகளின் முடிவில் வந்து வந்து மறைந்தது. வெயில் சாய்ந்திருந்தது. எல்லோரும் தூங்கி வழிந்தார்கள். நான் அவளுடைய காதுக்குக் குனிந்து கேட்டேன்.

“அண்டைக்கு உனக்கு என்ன நடந்தது, அம்மா?”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். மிகவும் தெளிவாக, ஒரு சொல்கூடத் தவறாமல், சொன்னாள்:

“நான் பள்ளிக்கூடத்துக்குள்ளதான் இருந்தனான்.”

மடியிலிருந்த பையைக் காலடியில் வைத்தேன். இரண்டு கைகளையும் விரித்து அவளுக்கு முன்னால் பிடித்தேன். அவள் அவற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பஸ் இரண்டு தரிப்பிடம் நின்று போயிற்று. நான் கையை மடக்கவில்லை.

பிறகு அவள் தன் தலையின் முழுப் பாரத்தையும் என் கையில் வைத்து, சொல்லத் தொடங்கினாள்.